தொடர்கதைக்குள் ஒரு நம்பிக்கை மையம்

தமிழ்த் தொடர்கதைகளில் கதாநாயகி கருவுற்றிருப்பது எப்படித் தெரியவரும் என்பதை, அவற்றைப் படித்து வளர்ந்த எவரும் சொல்லிவிடுவார்கள். அவள் சமையலறையில் மயங்கி விழுவாள். வீட்டுக்கு வரும் மருத்துவர் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்துவிட்டு, வெளியே கவலையோடு நிற்கும் மாமியாரிடம் "சந்தோஷமான விஷயம்தான்" என்பார். அதற்கு முன்பு எங்கோ ஓர் அத்தியாயத்தில் கணவனும் மனைவியும் சேர்ந்திருந்த இரவு ஒன்று வந்துபோயிருக்கும். அந்த இரவில் யாரும் யாரிடமும் எதையும் கேட்டிருக்க மாட்டார்கள். சில கதைகளில் அவளுடைய சம்மதம்கூடக் கேட்கப்பட்டிருக்காது. ஆத்திரத்தோடு அவளை நெருங்கிய கணவனைப் பத்து அத்தியாயங்கள் கழித்து அவளே மன்னித்து நேசிக்கத் தொடங்குவாள். ஆணுறை என்ற பொருளே அந்த உலகத்தில் கிடையாது. நோயும் கிடையாது. வந்தாலும் அது கெட்ட பெண்ணுக்கு, கதை முடியும் தறுவாயில், தண்டனையாக வரும்.

இந்தக் கதை வடிவத்தை நான் இழிவாக நினைக்கவில்லை. நானும் இதில்தான் எழுதுகிறேன். காரைக்குடியில் இருந்துகொண்டு, சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையிலும் கோயம்புத்தூரின் சரவணம்பட்டியிலும் திருப்பூரின் பனியன் கம்பெனி விடுதிகளிலும் நடக்கும் கதைகளை வாரந்தோறும் எழுதிவருகிறேன். செட்டிநாட்டுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் இப்போது அப்படிப்பட்ட ஊர்களில்தான் வாழ்கிறார்கள். திருமணத்துக்கும், முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்கும் மட்டுமே ஊர்ப்பக்கம் வருகிறார்கள். என் வாசகர்களில் அதிகமானோர் திருமணமாகி ஓரிரு ஆண்டுகளான பெண்கள், விடுதியில் தங்கி வேலை பார்ப்பவர்கள், பிள்ளைகள் தூங்கிய பிறகு கைப்பேசியில் ஓர் அத்தியாயம் படித்துவிட்டுப் படுக்கும் தாய்மார்கள். மருத்துவமனையில் கொடுக்கும் துண்டுப் பிரசுரத்தை வீட்டுக்கு எடுத்துவரக் கூசுகிற இவர்கள், கதையைக் கூசாமல் படிக்கிறார்கள். பாலியல் நலம் பற்றி இவர்களுக்கு ஏதேனும் போய்ச் சேர வேண்டுமானால் அது கதை வழியாகவே சேரும் என்ற நம்பிக்கையோடு சில ஆண்டுகளாக எழுதிவருகிறேன். அந்த எழுத்து என்னிடம் என்னென்ன கேட்டது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

வாசகரிடம் இல்லாதது தகவல் மட்டும்தான் என்ற எண்ணத்தோடு எழுதத் தொடங்கினால் கதை துண்டுப் பிரசுரமாகிவிடும். ஆணுறை நோயைத் தடுக்கும் என்பது தெரியாத பட்டதாரி இன்று அரிது. ஆனால் அதை மருந்துக் கடையில் எப்படிக் கேட்டு வாங்குவது, கணவரிடம் எந்த நேரத்தில் எந்தச் சொற்களில் அந்தப் பேச்சை எடுப்பது, அரசு மருத்துவமனையில் எந்த வாசலில் நுழைந்து யாரிடம் என்ன சொல்வது என்பவை தெரிந்தவர்கள் மிகக் குறைவு. பாடப்புத்தகம் இவற்றைச் சொல்லித் தருவதில்லை. கதையால் முடியும், ஏனென்றால் கதையில் ஒருத்தி அந்த வாசலில் தயங்கி நிற்கிறாள், பாதி வாக்கியத்தில் நிறுத்தி வேறு விதமாகத் தொடங்குகிறாள், பதிலை வாங்கிக்கொண்டு வெளியே வருகிறாள். வாசகியும் கூடவே போய்வருகிறாள். என் கதைகளில் நான் கொடுக்க விரும்புவது அந்த ஒத்திகையைத்தான். நோய்களின் பெயர்களும் மருந்துகளின் அளவுகளும் அந்த ஒத்திகைக்குள் வந்து பொருந்தினால் மட்டுமே அவற்றுக்குக் கதையில் இடம் உண்டு.

செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இந்த ஒத்திகை ஏன் தேவைப்படுகிறது என்பதை விளக்க வேண்டியதில்லை. எழுதிவைப்பதில் செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தாரைப் போலத் தேர்ந்தவர்கள் குறைவு. திருமணத்துக்கு இசைகுடிமானம் என்ற ஒப்பந்த ஏடு எழுதுவார்கள். மொய்ப்பணத்துக்கு ஏடு உண்டு. பெண்ணுக்குக் கொடுக்கும் சாமான்கள் கரண்டி வரைக்கும் பட்டியலில் ஏறும். திருமணமான மகனுக்கு வளவு என்ற உள்முற்றத்தைச் சுற்றியுள்ள அறைகளில் தனி இடம் ஒதுக்கி, சில காலத்தில் அவனையும் மனைவியையும் வேறு வைத்து, அரிசியும் பருப்பும் அளந்து கொடுத்து, தனியே உலை வைத்துத் தனியே கணக்கு எழுதப் பழக்குவார்கள். இளந்தம்பதிக்கு வரவு செலவைச் சொல்லிக்கொடுப்பதில் இத்தனை அக்கறை காட்டிய வீட்டில், அந்த அறைக்குள் ஒருவரையொருவர் என்ன கேட்கலாம், எதை வேண்டாம் என்று சொல்லலாம் என்பதைச் சொல்லித்தர ஒருவரும் இருந்ததில்லை. ஆண்கள் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்யப் போய், ஆண்டுக்கணக்கில் பிரிந்திருந்து திரும்பிய காலத்திலும் அந்தப் பேச்சு இல்லை. மகன் சிங்கப்பூரிலும் மருமகள் ஊரிலுமாக இருக்கிற இன்றைய வீட்டிலும் இல்லை. எங்கள் ஊரில் எந்தத் தெருவுக்குப் போனாலும், எந்தச் சாதி வீட்டைத் தட்டினாலும் இதில் பெரிய வேறுபாடு தெரியாது.

பொதுவெளியில் இதைப் பேச முயன்றவர்கள் இல்லாமல் இல்லை. 1986-இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தார்கள். 1994-இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் உருவானது. இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் ஒரு கற்பனை மனிதனை வைத்து எழுப்பிய 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்ற விழிப்புணர்வுக் கேள்வி பெரிய பெரிய விளம்பரப் பலகைகளில் ஊரெங்கும் நின்றது. அதுவரை வாய்விட்டுச் சொல்லாத ஒரு சொல்லை எல்லோரையும் சொல்லவைத்தது அந்தக் கேள்வி; அதன் பங்கைக் குறைத்துப் பேசக் கூடாது. ஆனாலும் புள்ளிராஜா என்பவன் எல்லோருக்கும் அடுத்த தெரு ஆளாகவே இருந்தான். அவன் பெயர் வசவானது. ராஜா என்று பெயர் வைத்த பையன்கள் கேலிக்கு ஆளானார்கள். புள்ளிராஜாவுக்கு மனைவி உண்டா, அவளுக்கு யார் சொன்னார்கள், அவள் பரிசோதனைக்குத் தனியாகப் போனாளா என்று நான் கேட்ட தெருப்பேச்சில் யாரும் கவலைப்பட்டதில்லை. எனக்கு எழுதத் தோன்றியது அந்த மனைவியைத்தான்.

கதையைக் கொண்டு மக்களின் நடத்தையை மாற்றலாம் என்ற முயற்சி உலகத்துக்குப் புதிதன்று. மெக்சிகோவின் தொலைக்காட்சித் தயாரிப்பாளர் மிகேல் சபிதோ 1970-களில் இதற்கென்றே ஒரு முறையை வகுத்தார். நல்லதைச் செய்கிறவர், கெட்டதைச் செய்கிறவர் என்ற இரு தரப்புக்கும் நடுவில், முடிவெடுக்க முடியாமல் தடுமாறும் ஒரு பாத்திரத்தை அவர் வைத்தார். பார்வையாளர் அந்தத் தடுமாறும் பாத்திரத்தோடுதான் நடப்பார் என்பது அவருடைய கணிப்பு. அவருடைய அனுபவத்தை முன்மாதிரியாகக் கொண்டு 1984-இல் தூர்தர்ஷனில் 'ஹம் லோக்' என்ற தொடர் ஒளிபரப்பானது. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் நடிகர் அசோக் குமார் திரையில் தோன்றி, அன்றைய கதையின் கருத்தை எடுத்துச் சொல்வார். அப்படியிருந்தும், எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு தன்னை அழித்துக்கொள்ளும் தாய்ப் பாத்திரத்தை, இப்படி இருக்கக் கூடாது என்பதற்காகவே படைக்கப்பட்ட அந்தத் தாயை, பார்வையாளர்களில் கணிசமானோர் பின்பற்றத் தகுந்தவளாக எடுத்துக்கொண்டார்கள் என்பதைப் பின்னர் ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள். தொடர்கதை எழுதும் எனக்கு இதைவிடப் பெரிய எச்சரிக்கை வேறு இல்லை. பொறுமைசாலியான பெண்ணை அழகாக எழுதிவிட்டால், அத்தியாயத்தின் அடியில் எத்தனை அறிவுரை எழுதினாலும் வாசகி பொறுமையைத்தான் எடுத்துக்கொண்டு போவாள். ஆகவே என் அத்தியாயங்களின் முடிவில் நான் எதையும் விளக்குவதில்லை. சொல்ல வேண்டியது நிகழ்ச்சியிலேயே நடந்தாக வேண்டும்.

அதற்கு ஒரு மருத்துவ உண்மை கதையின் திருப்பமாகவே அமைய வேண்டும். இப்போது எழுதிக்கொண்டிருக்கும் கதையில் அப்படி எனக்கு வாய்த்தது சிபிலிஸ் என்ற பால்வினை நோய். உமையாளும் பழனியப்பனும் திருமணமாகி எட்டு மாதமான தம்பதி. சோழிங்கநல்லூரில் வாடகைக் குடியிருப்பு. இருவரும் மென்பொருள் நிறுவனங்களில் வேலை. உமையாள் கருவுறுகிறாள். முதல் பரிசோதனையில் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் செய்வது போல அவளுக்கும் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சிபிலிஸுக்கான வி.டி.ஆர்.எல். ஆகிய இரத்தப் பரிசோதனைகளைச் செய்கிறார்கள். வி.டி.ஆர்.எல். பாசிட்டிவ் என்று வருகிறது. கர்ப்ப காலத்தில் இந்தப் பரிசோதனை சில வேளை நோய் இல்லாமலேயே அப்படிக் காட்டக்கூடும் என்பதால், மருத்துவர் அவளிடம் எதையும் சொல்வதற்கு முன்பு உறுதிப்படுத்தும் இரண்டாவது பரிசோதனையைச் செய்யச் சொல்கிறார். அதுவும் பாசிட்டிவ்.

கதையின் முழு எடையும் இந்த நோயின் இயல்பில் தங்கியிருக்கிறது. தொற்று ஏற்பட்டு ஏறத்தாழ மூன்று வாரத்தில் பிறப்புறுப்பில் ஒரு புண் தோன்றும், அது வலிக்காது. மருந்தே போடாவிட்டாலும் மூன்று முதல் ஆறு வாரங்களில் தானாக ஆறிவிடும். சில வாரங்களோ மாதங்களோ கழித்து உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அரிப்பில்லாத தடிப்புகள் வரலாம். அவையும் தாமாக மறையும். நோய் மட்டும் உடலுக்குள் இருந்துகொண்டே இருக்கும். திருமணத்துக்குச் சில மாதங்கள் முன்பு பழனியப்பனுக்கு அந்தப் புண் வந்திருந்தது. வெட்கத்தால் அவன் மருத்துவமனைக்குப் போகவில்லை. பேருந்து நிலையத்துச் சுவரொட்டியில் பார்த்த, மாதத்தில் ஒரு நாள் லாட்ஜில் தங்கி வைத்தியம் பார்ப்பவரிடம் போனான். அவர் கைப்பழக்கத்தால் வந்த சூடு என்று சொல்லி, சம்பளத்தில் பாதியை வாங்கிக்கொண்டு ஒரு லேகியம் கொடுத்தார். புண் ஆறியது. லேகியம் சாப்பிடாமல் இருந்திருந்தாலும் அது ஆறியிருக்கும் என்பது அவனுக்குத் தெரியாது. குணமாகிவிட்டது என்று மனதார நம்பித்தான் அவன் தாலி கட்டினான். அவனை வில்லனாக்காமல், ஆனால் அவன் செயலால் ஒரு பெண்ணும் குழந்தையும் ஆபத்துக்குள்ளானதையும் மறைக்காமல் எழுத இந்த ஒரு உண்மை எனக்கு இடம் தந்தது.

லாட்ஜ் வைத்தியரின் அறையை மிகுந்த கவனத்தோடு எழுதினேன். ஆண்களின் அச்சத்தைத் தொழிலாக்கியவர்கள் நம் ஊர்ச் சுவர்களில் பல பத்தாண்டுகளாக இருக்கிறார்கள். பாலியல் ஆற்றலைப் பெருக்குவதாகச் சொல்லி மருந்து விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடைசெய்கிறது. சுவரொட்டிகளுக்கு அதனால் எந்தக் குறையும் வரவில்லை. சுய இன்பத்தால் நரம்பு தளராது, தூக்கத்தில் விந்து வெளியேறுவது நோயன்று என்ற இரண்டு செய்திகள் போதும், பல இளைஞர்களின் பல ஆண்டு வேதனை தீர்ந்துவிடும். அவற்றைப் பழனியப்பனுக்குப் பின்னால் ஓர் அரசு மருத்துவர் ஊசி போட்ட கையோடு, பத்தே வினாடியில் சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிடுகிறார். பழனியப்பன் அங்கேயே உட்கார்ந்துவிடுகிறான்.

இந்தக் கதையில் நான் மிகவும் யோசித்து எழுதியது உமையாள் வீட்டுக்கு வந்து கணவனிடம் பேசும் காட்சி. அவளுடைய முதல் கேள்வி "யார் அவள்?" என்று இருந்தால், தொடர்கதைக்குத் தேவையான சண்டை கிடைக்கும், வாசகர்களும் அடுத்த வாரத்துக்குக் காத்திருப்பார்கள். ஆனால் அந்தச் சண்டையில் அவன் மருத்துவமனைக்கு வராமல் போவான். அவளுக்கு மட்டும் ஊசி போட்டால், சிகிச்சை பெறாத கணவனிடமிருந்து தொற்று மறுபடியும் வரும். உமையாள் படித்த பெண், மருத்துவர் சொன்னதைக் காதில் வாங்கியவள். அவளுக்கு அந்த நேரத்தில் முதலில் தேவை அவன் மருத்துவமனைக்கு வருவது. ஆகவே அவள் இப்படித் தொடங்குகிறாள்:

"என்னங்க, ஆஸ்பத்திரியில உங்களையும் கூட்டியாரச் சொன்னாக."

"என்னை எதுக்கு? பிள்ளைக்கு ஒண்ணும் இல்லையே?"

"ரத்தப் பரிசோதனையில ஒரு தொற்று வந்திருக்கு. ஊசி போட்டாச் சரியாயிரும், பிள்ளைக்கும் ஒண்ணும் ஆகாதுங்கிறாக. எனக்கு மட்டும் போட்டாப் பத்தாதாம், உங்களுக்கும் பார்க்கணுமாம். நாளைக்கு லீவு சொல்லுங்க. மத்ததெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். கட்டாயம் பேசணும்."

கடைசி இரண்டு சொற்களை நான் பலமுறை வெட்டிவிட்டு மறுபடியும் சேர்த்தேன். அவை இல்லாவிட்டால் உமையாள் பொறுத்துப்போகிற பெண்ணாகிவிடுவாள். அவள் பொறுக்கவில்லை, வரிசையை மட்டும் மாற்றுகிறாள். "யார் அவள்?" என்ற கேள்வி இரண்டு அத்தியாயங்கள் கழித்து, முதல் ஊசி போட்டுவிட்டு இருவரும் மருத்துவமனை வாசலில் ஆட்டோவுக்கு நிற்கும்போது வருகிறது. அப்போது அவள் அழவுமில்லை, குரலைத் தாழ்த்தவுமில்லை. இந்த அத்தியாயம் வெளியான வாரத்தில் ஒரு வாசகி, அந்த முதல் மூன்று வரிகளை அப்படியே மனப்பாடம் செய்து, தனக்கு வந்த வேறொரு தொற்றைப் பற்றிக் கணவரிடம் சொன்னதாக எனக்குத் தனியே எழுதியிருந்தார். கணவரும் அவரோடு சிகிச்சைக்கு வந்தாராம்.

சிகிச்சைக் காட்சிகளை எழுதுவதற்கு முன் ஒரு மகப்பேறு மருத்துவரிடமும், அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்தில் பணிபுரிந்த ஓர் ஆலோசகரிடமும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டேன். எப்போது தொற்றியது என்று தெரியாத நிலையில், பென்சத்தீன் பெனிசிலின் 24 இலட்சம் யூனிட், வாரத்துக்கு ஒன்றாக மூன்று வாரம், இடுப்பில் போடுவார்கள். ஊசி நன்றாகவே வலிக்கும். மருந்து குழைவாக இருப்பதால் மெதுவாகத்தான் ஏற்ற முடியும். கருவிலுள்ள குழந்தையையும் சேர்த்துக் காப்பதற்கு நம்பத்தகுந்த மருந்து பெனிசிலின்தான். பிரசவத்துக்கு ஒரு மாதத்துக்கு முன்பாவது சிகிச்சை தொடங்கியிருக்க வேண்டும். இருவருக்கும் சிகிச்சை முடியும்வரை உடலுறவைத் தவிர்க்க வேண்டும். குழந்தை பிறந்த பிறகு அதையும் பரிசோதிப்பார்கள். கதையில் இவற்றை யாரும் வரிசையாகச் சொல்வதில்லை. மூன்று வாரங்களில் மூன்று முறை அவர்கள் அந்த நாற்காலிகளில் உட்கார்கிறார்கள். ஒவ்வொரு முறையும் உமையாள் ஒரு கேள்வி கேட்கிறாள்.

அரசு மருத்துவமனையின் இந்தப் பகுதியை வாசகர் கண்முன் கொண்டுவருவதில் எனக்குத் தனி ஆர்வம் உண்டு, ஏனென்றால் நம் நடுத்தர வர்க்கத்துக்கு அது இருண்ட அறை. ஓ.பி. சீட்டு வாங்குகிற வரிசையில் தெரிந்தவர் யாராவது நிற்பார்களோ என்ற பயத்திலேயே பலர் திரும்பிப் போகிறார்கள். உள்ளே போனவர்கள் காண்பது ஒரு மேசை, இரண்டு நாற்காலிகள், சுவரில் படம் போட்ட அட்டை, சாத்தக்கூடிய ஒரு கதவு. பால்வினை நோய்ச் சிகிச்சை மருந்துகள் நிறம் பிரித்த பெட்டிகளில் வருகின்றன. பெண்களின் வெள்ளைப்படுதல் தொற்றுக்குப் பச்சைப் பெட்டி, சிபிலிஸ் போன்ற புண்ணுக்கு வெள்ளைப் பெட்டி. நம்பிக்கை மையத்தில் ஆலோசகர் கூட வந்தவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுத் தனியாகப் பேசுவார், சம்மதம் கேட்பார், அதன் பிறகுதான் இரத்தம் எடுப்பார்கள். முடிவை நேரில், இரத்தம் கொடுத்தவரிடம்தான் சொல்வார்கள். அங்கே வருகிறவர்களில் அதிகமானோர் முதலில் எதைக் கேட்பார்கள் என்று அந்த ஆலோசகரிடம் கேட்டேன். "வீட்டுக்குத் தெரியுமான்னுதான்" என்றார். பிழைப்பேனா என்பதுகூட அதற்குப் பிறகுதான்.

அந்தக் கேள்விக்குச் சட்டம் பதில் சொல்கிறது. 2017-இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கும் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம், ஒருவருடைய தொற்று நிலையை அவருடைய ஒப்புதல் இல்லாமல் வெளியே சொல்வதைத் தடைசெய்கிறது. வேலையிலும் சிகிச்சையிலும் வாடகை வீட்டிலும் பாகுபாடு காட்டுவதையும் தடைசெய்கிறது. ஆனால் நம் கதைகளில் மருத்துவர் இன்னும் அப்பாவைத் தனியே அழைத்து "உங்க பையனுக்கு..." என்று இழுத்துக்கொண்டுதான் இருக்கிறார். அந்தக் காட்சியைப் படித்த வாசகர், மருத்துவமனைக்குப் போனால் வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்ற பாடத்தைத்தான் கற்கிறார். என்னோடு எழுதும் எல்லோரிடமும் நான் வேண்டிக்கொள்வது, அந்த ஒரு காட்சியையாவது விட்டுவிடுங்கள் என்பதுதான். எச்.ஐ.வி. உள்ளவரைக் கடைசி அத்தியாயத்தில் சாகடிப்பதையும் நிறுத்திவிடலாம். 2004 முதல் அரசு மையங்களில் கூட்டு மருந்துச் சிகிச்சை இலவசமாகக் கிடைக்கிறது. நாள்தோறும் மாத்திரை எடுத்து, இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்த நிலையைக் காத்துவருபவரிடமிருந்து உடலுறவு வழியாகத் தொற்று பரவாது. அவர் வேலைக்குப் போகலாம், காதலிக்கலாம், பிள்ளை பெறலாம், அடுத்த கதையில் பக்கத்து வீட்டுக்காரராகவும் வரலாம். கூசித் தயங்குகிறவர்களுக்கு 1097 என்ற கட்டணமில்லா எய்ட்ஸ் உதவி எண் இருக்கிறது. உமையாள் முதலில் அழைத்ததும் அதைத்தான்.

இதற்கு முந்தைய கதையில் மருந்துக் கடையை எழுதினேன். சரவணம்பட்டி விடுதியில் தங்கியிருக்கும் இருபத்து நான்கு வயதுப் பெண்; ஆணுறை கிழிந்துவிட்டது. கிழிந்ததற்குக் காரணம் தேங்காய் எண்ணெய். நம் வீடுகளில் எதற்கும் எடுக்கிற அந்த எண்ணெய், எந்த எண்ணெயானாலும் அப்படித்தான், லேட்டக்ஸ் உறையைச் சில நிமிடங்களிலேயே பலவீனமாக்கிவிடும். இந்தச் செய்தியை ஒரு வரியில் எழுதியதற்கு வந்த அளவுக்குக் கடிதங்கள், காதல் காட்சிகள் எதற்கும் வந்ததில்லை. அந்தப் பெண் அவசரக் கருத்தடை மாத்திரை தேடிக் கடை கடையாக ஏறுகிறாள். 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது என்று எடுக்க வேண்டிய, ஏற்கெனவே தங்கிய கருவைக் கலைக்காத, சட்டப்படி மருத்துவர் சீட்டு இல்லாமலேயே விற்கக்கூடிய அந்த மாத்திரை தமிழ்நாட்டின் பெரும்பாலான கடைகளில் கிடைப்பதில்லை. கடைக்காரர்கள் இல்லை என்பதோடு நிறுத்துவதில்லை. ஏற இறங்கப் பார்க்கிறார்கள். எங்கள் காரைக்குடியில் செக்காலைப் பக்கம் ஒரு கடையில் ஆணுறையைப் பழைய செய்தித்தாளில் இரண்டு சுற்றுச் சுற்றி, அதற்கு மேல் கறுப்புப் பை போட்டுக் கொடுத்ததை நான் நின்று பார்த்திருக்கிறேன். தலைவலி மாத்திரை வாங்கியவருக்கு அந்த மரியாதை இல்லை. என் கதையில் ஒரு கடையின் பெண் மருந்தாளுநர் குரலைத் தாழ்த்தாமல் சொல்கிறார்: "எங்ககிட்ட ஸ்டாக் இல்லம்மா. லேடி டாக்டரைப் பாருங்க. அஞ்சு நாளுக்குள்ள போனா காப்பர்-டி போட்டும் தடுக்கலாம்." அவ்வளவுதான் அவருடைய பாத்திரம். அந்த ஒருவர் எல்லாக் கடைகளிலும் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு எழுதினேன்.

சில விதிகளை எனக்கு நானே வகுத்துக்கொண்டிருக்கிறேன். பள்ளி மாணவர்களின் உடலுறவை நான் எழுதுவதில்லை. என் பாத்திரங்கள் பதினெட்டைக் கடந்தவர்கள். திருமணமாகாதவள் கருவைக் கலைக்க வேண்டிய நிலை கதையில் வந்தால், அவளை ரயில் தண்டவாளத்துக்கு அனுப்புவதில்லை. கருக்கலைப்புச் சட்டத்தின் 2021-ஆம் ஆண்டுத் திருத்தமும் 2022 செப்டம்பர் 29-ஆம் நாள் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் அவளுக்கும் அந்த உரிமை உண்டு என்று சொல்கின்றன; பதினெட்டு வயதான பெண்ணுக்குத் தன் சம்மதம் மட்டும் போதும், கணவரின் கையெழுத்தோ பெற்றோரின் கையெழுத்தோ சட்டம் கேட்பதில்லை. அவள் மருத்துவமனைக்குப் போய்விட்டு மறுவாரம் வேலைக்குத் திரும்புகிறாள்.

மாமியார்களையும் விட்டுவிட முடியாது. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான, உடலுறவால் பரவும் எச்.பி.வி. என்ற வைரஸ் தொற்று உடலில் புகுந்து புற்றாக மாறப் பத்து, பதினைந்து ஆண்டுகளுக்கு மேலும் ஆகலாம். முப்பது வயதைக் கடந்த பெண்களுக்கு அரசு மருத்துவமனைகளில் வினிகரைப் போன்ற அமிலக் கரைசலைத் தடவி ஒரு நிமிடத்தில் பார்க்கும் எளிய பரிசோதனை இருக்கிறது. அடையாற்றில் 1954-இல் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கிய முத்துலட்சுமி ரெட்டி எங்களுக்கு அடுத்திருக்கும் புதுக்கோட்டையில் பிறந்தவர். அப்படிப்பட்ட மண்ணில், வெள்ளைப்படுதலை எலும்பு உருகுவதாக எண்ணிக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் இருக்கும் ஆச்சிகள் இன்றும் உண்டு. ஒரு கதையில் மாமியாரும் மருமகளும் கோவிலூர்க் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுச் சேர்ந்து பரிசோதனைக்குப் போகிறார்கள். அந்த அத்தியாயத்தை வாசகிகள் தங்கள் அத்தைமாருக்கு வாசித்துக் காட்டினார்கள் என்று கேள்விப்பட்டபோது அடைந்த மகிழ்ச்சியை வேறு எந்தப் பாராட்டும் எனக்குத் தந்ததில்லை.

இத்தனைக்கும் நடுவில் இன்பத்தை எழுதாமல் விட்டால் எல்லாம் வீண். நோயும் ஊசியும் மட்டும் நிறைந்த கதை, உடலைப் பற்றிய பழைய அச்சத்துக்கு மருத்துவச் சீருடை அணிவித்ததாகவே ஆகும். என் பாத்திரங்கள் ஒருவரையொருவர் விரும்புகிறார்கள், கேட்டுக்கொள்கிறார்கள். "இன்னிக்கு வேண்டாமே" என்று ஒருத்தி சொல்ல, "சரி, வா, காபி போடுறேன்" என்று அவன் எழுந்து போவதைக் காதல் காட்சியாகவே எழுதுகிறேன். ஆணுறையை எடுத்துவரும் நொடியில் விளக்கை அணைத்துப் புள்ளிகள் வைக்கும் வழக்கத்தை விட்டுவிட்டேன்; காலாவதித் தேதியை அவள் படித்துப் பார்க்கிறாள், அவன் சிரிக்கிறான், காதல் குறைவதில்லை. உடலைச் சந்தைப் பொருளாக்கும் எழுத்துக்கும் இதற்கும் இடையே உள்ள எல்லையை ஒவ்வொரு அத்தியாயத்திலும் புதிதாகத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. இந்த வரி பாத்திரத்துக்கு வேண்டுமா அல்லது வாசகரின் ஆவலைத் தூண்டுவதற்கு மட்டும் வேண்டுமா என்று ஒவ்வொரு முறையும் என்னை நானே கேட்டுப் பார்த்தே எழுதுகிறேன்.

இனி எழுத வேண்டியிருப்பது மூன்றாவது ஆளை. பழனியப்பனுக்குத் தொற்று யாரிடமிருந்து வந்ததோ அந்தப் பெண் சென்னையில்தான் இருக்கிறாள். அவனோடு முன்பு வேலை பார்த்தவள். தமிழ்க் கதைகளின் வழக்கப்படி அவளுக்கு இனிக் கதையில் வேலை இல்லை, அல்லது வில்லியாகத் திரும்பி வர வேண்டும். ஆனால் அவள் உடம்பிலும் சிகிச்சை பெறாத நோய் இருக்கிறது, அது அவளுக்கே தெரியாமலும் இருக்கலாம். மருத்துவர் பழனியப்பனிடம் பழைய துணையையும் பரிசோதனைக்கு வரச் சொல்லுமாறு கூறியிருக்கிறார். அவளை அழைக்கும்படி அவனை வற்புறுத்துபவள் உமையாளாகவே இருக்கட்டும் என்று முடிவுசெய்திருக்கிறேன். பெருந்தன்மையால் அல்ல, தான் அந்த நாற்காலியில் உட்கார்ந்து தெரிந்துகொண்டதை இன்னொருத்தி தெரியாமல் இருக்கக் கூடாது என்ற நியாய உணர்வால். அவன் தொலைபேசியில் சொல்லப்போகும் வாக்கியங்களை எழுதி, அந்த ஆலோசகரிடம் காட்டக் கொடுத்திருக்கிறேன். யார்மேல் பழி என்ற பேச்சு அதில் இல்லை. எனக்கு இந்தத் தொற்று இருந்தது, ஊசி போட்டுக்கொண்டேன், நீயும் ஒருமுறை இரத்தம் கொடுத்துப் பார்த்துவிடு, அரசு மருத்துவமனையில் இலவசம்தான், பெயர் வெளியே போகாது என்ற அளவில் அது முடிகிறது. அவளுக்கும் ஓர் அத்தியாயம் உண்டு. அதில் அவள் தனியாகப் போய், சீட்டு வாங்கி, ஊசி போட்டுக்கொண்டு, மதியத்துக்குள் அலுவலகம் திரும்புகிறாள்.